இரு புட்டிப் பிசினும் பதினொரு பொன்வண்டுகளும்

(மூன்றாமாண்டு இளம் அறிவியல், வேதியியல்)

பீங்கான் கிண்ணம் விரிந்தாலும், மூக்குக் கண்ணாடியின் காது முறிந்தாலும், மேல்நிலைத் தொட்டிக் குழாயின் இணைப்பில் நீர் கசிந்தாலும் நம் வீடுகளில் உடனே அடிபடும் பெயர்கள் இரண்டு. ஒன்று அரால்டைட், மற்றொன்று எம்-சீல். முன்னது இரண்டு குழல்களில் வருவது. பின்னது இரண்டு நிறக் களிமண் போல வருவது. இரண்டையும் எடுத்துப் பிசைந்து அப்பிவிட்டுக் காத்திருக்கிறோம். சற்று முன் விரலில் ஒட்டிய பொருள் கல்லாகிவிடுகிறது. இவ்விரண்டும் எபாக்சிப் பிசின் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இப்போது விடுதி அறைகளில் சாவிக் கொத்தும் பெயர்ப் பலகையும் வார்க்கிறார்களே, கல்யாண மாலையைக் கண்ணாடிக் கட்டிக்குள் பதித்துத் தருகிறார்களே, அதுவும் இக்குடும்பமே.

இதைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு வந்தது வெற்றியினால் அன்று. சென்ற கல்வியாண்டில் நானும் வகுப்புத் தோழர் இருவரும் நம் விலங்கியல் துறைக்குச் செய்த இழப்பினால் வந்தது.

விலங்கியல் காட்சியகத்தில் கண்ணாடி மூடியிட்ட மரப்பெட்டி ஒன்று உண்டு. முன்பு இங்குப் பணியாற்றி ஓய்வு பெற்ற விரிவுரையாளர் ஒருவர் சேர்த்த பொன்வண்டுகள் அதில் இருந்தன. நாப்தலீன் உருண்டை மாற்றப்படாத சில ஆண்டுகளில், உலர்ந்த பூச்சிகளைத் தின்னும் சிறு புழுக்கள் உள்ளே புகுந்து பாதிக்கு மேல் பொடியாக்கிவிட்டன. எஞ்சியவை பதினொன்று. “இதுவும் போனால் பெட்டிதானப்பா மிச்சம்” என்றார் விலங்கியல் பேராசிரியர். சிறு வயதில் தீப்பெட்டிக்குள் வேல இலையோடு பொன்வண்டு வளர்த்தவர்களுக்கு அந்த வருத்தம் புரியும். எங்கள் ஊர்ப் பக்கம் அவற்றைக் கண்டு பல ஆண்டுகள் ஆயின. “நாங்கள் எபாக்சியில் பதித்துத் தருகிறோம் ஐயா, எந்தப் புழுவும் அண்டாது” என்று முந்திக்கொண்டு சொன்னவன் நான்.

பதினொன்றில் இரண்டை நாங்களே அழித்தோம். அந்த இரண்டும் எப்படிப் போயின என்பதைச் சொல்லப் புகுந்தால் எபாக்சியின் வேதியியல் முழுவதையும் சொல்லியாக வேண்டும்.

பிறப்பு

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியின் பால் ஷ்லாக் 1934இல் எபாக்சைடுகளையும் அமீன்களையும் சேர்த்துப் பெரு மூலக்கூறுகள் ஆக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டன் தேடியது பசையை அன்று. பல் கட்டுவதற்கு ஏற்ற, சுருங்காமல் இறுகும் ஒரு பொருளை. 1938இல் அவர் பெற முனைந்த காப்புரிமை பின்னர் சீபா நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 1946இல் பாசல் நகரத்துத் தொழிற் கண்காட்சியில் அரால்டைட் என்னும் பெயரில் அது பசையாக வெளிவந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ வண்ணப்பூச்சுக்காக இதே பிசினைத் தனியே ஆக்கினார். பல்லுக்கென்று தேடிய பொருள் வானூர்தி முதல் வீட்டுக் குழாய் வரை எங்கும் ஒட்டிக்கொண்டது. வானொலியையோ கைப்பேசியையோ திறந்து பார்த்தால் தெரியும் பச்சை மின்சுற்றுப் பலகையும் கண்ணாடி நாரும் எபாக்சியும் சேர்ந்ததே.

இரு கையும் ஆறு கையும்

முதற் புட்டியில் இருப்பது பிஸ்பீனால்-ஏ, எபிகுளோரோஹைட்ரின் என்னும் இரண்டும் காரத்தின் முன்னிலையில் சேர்ந்து உண்டான பிசின். அதன் மூலக்கூறின் இரு முனைகளிலும் ஒவ்வொரு எபாக்சி வளையம் உண்டு. இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன் ஆகிய மூன்று அணுக்கள் முக்கோணமாகக் கைகோத்த வளையம் அது. கார்பன் இயல்பாக விரும்பும் பிணைப்புக் கோணம் ஏறத்தாழ 109 பாகை. இங்கோ 60 பாகைக்குள் நெருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. வளைத்துக் கட்டிய மூங்கில் போல, அவிழ்க்க ஒரு கை கிடைத்தால் போதும், நிமிர்ந்துவிடும்.

அந்தக் கை இரண்டாம் புட்டியில் இருக்கிறது. கடையில் ஹார்டனர் என்று கேட்டால் தருவார்கள். தமிழில் கடினமாக்கி எனலாம். நாங்கள் வாங்கியது டிரைஎத்திலீன் டெட்ராமீன். இதன் நைட்ரஜன் அணுக்களில் வினைபுரியத்தக்க ஹைட்ரஜன் அணுக்கள் ஆறு உள்ளன. ஒவ்வொரு ஹைட்ரஜனும் ஒரு வளையத்தைத் திறந்து பிணைகிறது. திறந்த இடத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி தோன்றுகிறது. மரத்தையும் உலோகத்தையும் கண்ணாடியையும் எபாக்சி இறுகப் பற்றுவதற்கு இந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் ஒரு முதன்மைக் காரணம். பாலித்தீன் குடத்தில் பற்றுவதற்கு எதுவும் இல்லாததால் அங்கே உரிந்துவிடுகிறது.

இரு கை உடைய பிசினும் ஆறு கை உடைய கடினமாக்கியும் எல்லாத் திசையிலும் கைகோத்துக்கொண்டே போனால் முடிவில் கிடைப்பது ஒரு முப்பரிமாண வலை. இறுகிய கட்டி முழுவதும் ஒரே மூலக்கூறு என்று சொன்னாலும் பெரிய பிழையில்லை. ஆகவே அது மீண்டும் உருகாது. எந்தக் கரைப்பானிலும் கரையாது. பேக்கலைட் இறுகும்போது நீர் வெளிப்படுவது போல இங்கு எதுவும் வெளிப்படுவதும் இல்லை. சேர்த்தது அத்தனையும் வலைக்குள் இருக்கிறது.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடற்கரையெங்கும் பெருகிய கண்ணாடியிழைப் படகுகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் பிசினால் ஆனவை. அங்கே பிசினில் சேர்ப்பது வினையைத் தொடங்கி வைக்கும் ஒரு பொருள். நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு போதும். வெயில் நாளில் குறைப்பார்கள், மழை நாளில் கூட்டுவார்கள். ஓரளவுக்கு அது செல்லும். அந்தப் பழக்கத்தை எபாக்சிக்குக் கொண்டுவந்தால் வேலை கெட்டது. எபாக்சியில் கடினமாக்கி வினையைத் தூண்டிவிட்டு ஒதுங்குவதில்லை. அதுவே வலையின் ஒரு நூல். கூட்டினால் துணையில்லாத அமீன் மிஞ்சும். குறைத்தால் திறக்கப்படாத வளையம் மிஞ்சும். இரண்டிலும் கட்டி பிசுபிசுக்கும். விரைவில் இறுக வேண்டுமானால் கடினமாக்கியின் வகையை மாற்ற வேண்டுமே தவிர அளவை அன்று.

அளவைக் கணக்கிடுவது நம் முதலாண்டுப் பாடமே. சாதாரண நீர்மப் பிசினின் எபாக்சி சமான எடை ஏறத்தாழ 190. டிரைஎத்திலீன் டெட்ராமீனின் மூலக்கூறு எடை 146. ஆறு ஹைட்ரஜனால் வகுக்க 24.3. ஆகவே 190 கிராம் பிசினுக்கு 24.3 கிராம், 100 கிராமுக்கு 12.8 கிராம். நாங்கள் வாங்கிய புட்டியின் சீட்டில் எடைக் கணக்கில் 100க்கு 10 என்று போட்டிருந்தது. செய்தவர் சோதித்து எழுதிய அளவு அது. கணக்கைவிடச் சற்றுக் குறைவாயினும் அதையே பின்பற்ற வேண்டும்.

முதல் வண்டு

பின்பற்றினோம், ஆனால் அளவு உருளையில். ஆய்வகத் தராசு அன்று வேறு வகுப்பினரிடம் இருந்தது. 100 மில்லிலிட்டர் பிசின், 10 மில்லிலிட்டர் கடினமாக்கி. பத்துக்கு ஒன்றுதானே என்று இருந்துவிட்டோம். பிசினின் அடர்த்தி 1.16, கடினமாக்கியின் அடர்த்தி 0.98. 100 மில்லிலிட்டர் பிசின் 116 கிராம். அதற்குச் சேர வேண்டியது 11.6 கிராம். நாங்கள் ஊற்றியதோ 9.8 கிராம். ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அஃதாவது 100க்கு 8.4தான் சேர்ந்தது. போதாக்குறைக்குக் கலக்கிய குச்சியைக் கலத்தின் சுவரோரமும் அடியிலும் ஓட்டவில்லை. அங்கே ஒட்டியிருந்த தனிப் பிசினையும் சேர்த்தே அச்சில் கவிழ்த்தோம்.

மூன்று நாள் கழித்தும் கட்டியின் மேல் விரல் ஒட்டியது. வெயிலில் வைத்தோம், ஒரு வாரம் பொறுத்தோம். இல்லாத கடினமாக்கி வெயிலில் எங்கிருந்து வரும்? கடைசியில் வண்டையாவது மீட்போம் என்று அசிட்டோனில் ஊறவைத்தோம். அரைகுறையாகப் பின்னிய வலை கரையாமல் உப்பியது. உப்பிய பிசின் வண்டின் கால்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வந்தது. பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சீட்டை மட்டும் எடுத்துத் தம் மேசை அறையில் வைத்துக்கொண்டார்.

அரால்டைட் குழலில் மட்டும் இரண்டையும் ஒரே நீளத்துக்குப் பிதுக்கி எடுக்கிறோமே எனில், அதன் கடினமாக்கி வேறு. சம அளவில் கலக்கும்படி அமைத்தே விற்கிறார்கள். கைவினைப் பிசின்கள் சில கன அளவில் இரண்டுக்கு ஒன்று, சில மூன்றுக்கு ஒன்று. எடையா, கன அளவா என்று சீட்டில் படித்துவிட்டே மூடியைத் திறக்க வேண்டும்.

இரண்டாம் வண்டு

இம்முறை தராசில் நிறுத்தோம். 400 கிராம் பிசினுக்கு 40 கிராம். பெரிய கட்டியாக ஒரே வார்ப்பில் முடித்துவிடும் எண்ணம். மே மாதம், ஆய்வக வெப்பமானி 38 பாகை செல்சியஸ் காட்டியது. கலந்தபின் 30 நிமிடம் கைக்கொள்ளலாம் என்று சீட்டில் இருந்தது உண்மை. அது 25 பாகைக்கு உரிய கணக்கு என்பதும் அதே சீட்டில் இருந்தது. வெப்பநிலை பத்துப் பாகை ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது நாம் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய வரி.

பத்து நிமிடத்தில் அச்சின் புறம் சுட்டது. பிறகு கட்டி மஞ்சளாகி, உள்ளே படார் படாரென்று விரிசல் விழும் ஒலி கேட்டது, புகை எழுந்தது. ஆய்வக உதவியாளர் ஓடிவந்து இடுக்கியால் பிடித்து வெளியே மணலில் வைத்தார். “எல்லாரும் வெளியே போங்க தம்பி” என்று சன்னல்களைத் திறந்துவிட்டார். வண்டு உள்ளேயே வெந்து கருகியது.

இதன் கணக்கைப் பிற்பாடு போட்டுப் பார்த்தேன். முற்பாடு போட்டிருக்க வேண்டும். ஒரு மோல் எபாக்சி வளையம் திறக்கும்போது ஏறத்தாழ 100 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. 100 கிராம் பிசினில் உள்ள வளையங்கள் 0.53 மோல்; எனவே 53 கிலோஜூல். கடினமாக்கியோடு சேர்ந்த கலவை 110 கிராம். தன்வெப்பம் கிராமுக்கு ஏறத்தாழ 2 ஜூல். வினை முழுவதும் முடிந்து வெப்பம் சற்றும் வெளியேறாது இருக்குமானால் வெப்பநிலை 240 பாகை வரை ஏற வேண்டும்! மெல்லிய பூச்சில் இதெல்லாம் காற்றிலும் பலகையிலும் கரைந்துவிடுகிறது; பூசியவருக்குச் சூடே தெரிவதில்லை. ஆழமான கலத்தில் நடுவிலுள்ள வெப்பம் வெளியேற வழி காணாது. சூடு வினையை விரைவாக்கும், விரைந்த வினை மேலும் சூடாக்கும். ஒரே கலவை தட்டில் பரவியிருந்தால் சாது. குவளையில் குவிந்திருந்தால் அடுப்பு. கலந்தது மிஞ்சிவிட்டால் மூடி வைக்காமல், குப்பைத் தொட்டியிலும் போடாமல், ஏதேனும் தகட்டில் மெலிதாகப் பரப்பிவிடுவதன் காரணமும் இதுவே.

புட்டியைத் தேர்ந்ததிலேயே எங்கள் முதற்பிழை இருந்தது. டிரைஎத்திலீன் டெட்ராமீன் விரைவுக்காரி. கண்ணாடி நார்த் துணியில் பூசிப் படலமாக ஒட்டும் வேலைக்கு உகந்தது. கன வார்ப்புக்கென்றே மெல்ல வினைபுரியும் கடினமாக்கிகள் உண்டு. விலை கூடுதல் என்று ஒதுக்கினோம்.

எஞ்சிய ஒன்பது

வார்ப்புப் பிசின் வாங்கிவந்து, வண்டில்லாமல் ஆறு வெற்றுக் கட்டிகள் வார்த்துப் பழகிய பிறகே எங்கள் கையில் மீண்டும் வண்டு தரப்பட்டது. இனிச் சொல்வது அந்த ஒன்பதில் கற்ற முறை.

முதலில் வண்டு முற்றும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் அதைச் சுற்றி வெண்படலம் படரும். மலர்களுக்கும் இதுவே விதி. மல்லிகை போன்ற வெண்மலர்கள் உலர்த்தும்போதே பழுப்பாகிவிடும் என்பதை மாலை பதித்துத் தருவோர் முன்னரே சொல்லிவிடுவது நல்லது. அடுத்தது காற்று. வண்டின் சிறகுறைக்கு அடியில் தங்கிய காற்று, பிசின் சற்றுச் சூடாகும் வேளையில் குமிழியாக வெளிவரும். ஆகவே கலந்த பிசினில் வண்டைத் தனியே முக்கி, ஊசியால் சிறகுறையின் ஓரத்தை மெல்லத் தூக்கிக் காற்றை விட்டோம். மரத்துண்டைப் பதிப்பவர்கள் முதலில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து நுண்துளைகளை அடைத்துவிட வேண்டும். இல்லையேல் மரம் இரவெல்லாம் குமிழி விடும்.

அச்சுக்குப் பாலிபுரொப்பிலீன் டப்பாவே போதும். குடத்தில் எபாக்சி ஒட்டாமற் போகும் அதே குறை இங்கே நமக்கு உதவுகிறது. அச்சின் அடிப்பக்கமே பின்னர்க் கட்டியின் மேற்புறம் ஆவதால் எல்லாவற்றையும் தலைகீழாக எண்ண வேண்டும். அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு முதற் படலம். அது பாகாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தும் கையில் ஒட்டாத பதம் வந்ததும், வண்டை மல்லாத்தி வைத்து அடுத்த படலம். இந்தப் பதத்தில் ஊற்றினால் இரு படலங்களும் வேதிமுறையிலேயே பிணைந்து ஒன்றாகும், கோடு தெரியாது. பதம் தப்பி முற்றும் இறுகிவிட்டால் உப்புத்தாளால் தேய்த்துத்தான் மேலே ஊற்ற வேண்டும். மழை நாளில் இன்னொரு தொல்லை. காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் மேற்பரப்பிலுள்ள அமீனோடு சேர்ந்து மெழுகு போன்ற படிவை உண்டாக்கும். அதன்மேல் தேய்த்தால் உள்ளே அப்பிக்கொள்ளும். முதலில் வெதுவெதுப்பான சோப்பு நீரால் கழுவி, உலர்த்தி, அதன் பின்னரே தேய்க்க வேண்டும்.

வண்டின் நிறம் பிசினில் மங்கிவிடுமோ என்று அஞ்சினோம். மங்கவில்லை. பொன்வண்டின் பசும்பொன் மினுக்கு சாயத்தால் வருவதன்று; ஓட்டின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது தோன்றுவது. அந்த அடுக்குகளுக்குள் பிசின் புகுவதில்லை. சில நீல வண்ணத்துப்பூச்சிகளின் கதை வேறு. அவற்றின் செதில் இடுக்கிலுள்ள காற்றே நிறத்துக்குத் துணை நிற்பது. பிசின் புகுந்தால் நீலம் அணைந்துவிடும். வண்ணத்துப்பூச்சி பதிக்க எண்ணுவோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

கட்டிகளின் குறை இரண்டையும் துறைக்கு எழுதிக் கொடுத்தோம். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பட்டால் இப்பிசின் நாளடைவில் மஞ்சளாகும். மஞ்சளாகாது என்று விளம்பரம் செய்யப்படும் பிசின்களிலும் கூடுதல் பொருள் சேர்த்து அதைத் தள்ளிப் போடுகிறார்களே தவிர முற்றிலும் தடுப்பதில்லை. இரண்டாவது, அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி பல வகைகளில் 50, 60 பாகையிலேயே இளகத் தொடங்கும். எபாக்சி பூசிய மேசையில் சூடான காப்பி டபராவை வைத்தால் வளையம் பதிவது இதனால்.

தோழரின் கைகள்

ஒன்பது கட்டிகளையும் உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றியவர் எங்கள் மூவரில் ஒருவர். கைவேலையில் வல்லவர். சாவிக் கொத்து வார்த்து விற்று விடுதிக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தவர். கையுறை போட்டால் விரலுக்கு நயம் தெரியவில்லை என்பார். கையில் ஒட்டிய பிசினைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்துக்கொள்வார். நாங்களும் அப்படியே செய்தோம். எங்களுக்கு ஒன்றும் நேரவில்லை.

ஆறாவது கட்டியின்போது அவர் மணிக்கட்டில் அரிப்பு வந்தது. வேர்க்குரு என்றார். பிறகு விரலிடுக்கில் நீர்க் கொப்புளம். பிறகு இமைகள் வீங்கின. தோல் மருத்துவர் கேட்ட முதற் கேள்வியே, “பசை, பெயின்ட் வேலை ஏதாவது செய்கிறாயா?” என்பது. ஒவ்வாமைத் தோலழற்சி. மருந்தில் கொப்புளம் ஆறிவிட்டது, ஒவ்வாமை ஆறவில்லை. இப்போது ஆய்வகத்தில் யாராவது புட்டியைத் திறந்து வேலை செய்த மேசையில் அவர் கை பட்டாலே மறுநாள் இமை சிவக்கிறது. சாவிக் கொத்து வேலையை விட்டுவிட்டார். விடுமுறை நாள்களில் அச்சகத்தில் கணினித் தட்டச்சுக்குப் போகிறார்.

காரணம் இதுதான். வினைபுரியாத பிசின் மூலக்கூறு சிறியது. எடை ஏறத்தாழ 340. தோலுக்குள் எளிதில் நுழையும். நுழைந்து, அமீனோடு செய்யும் அதே வினையைத் தோலின் புரதங்களிலுள்ள அமீன் தொகுதிகளோடு செய்கிறது. மாறிப்போன புரதத்தை உடல் பகையாகக் கருதி நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீங்காது. பத்து முறை தொட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பதனால் பதினோராம் முறைக்கு உறுதி கிடைப்பதில்லை. தின்னரும் அசிட்டோனும் தோலின் எண்ணெயைக் கரைத்துப் பிசினுக்கு வழிவிடுகின்றன. அவர் துடைத்ததாக எண்ணியது உண்மையில் உள்ளே தேய்த்ததே. அரைகுறையாக இறுகிய கட்டியைத் தேய்க்கும் தூளிலும் வினைபுரியாத பிசின் உண்டு. அது இமைவரை பறந்தது.

நைட்ரைல் கையுறை வேண்டும்; மெல்லிய ரப்பர் உறை போதாது. பிசின் பட்ட உறையை அப்போதே மாற்ற வேண்டும். தோலில் பட்டால் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுச் சோப்பும் நீரும் போட்டுக் கழுவலாம். கட்டி முற்றும் இறுகச் சீட்டில் சொன்ன நாள் வரை, பெரும்பாலும் ஒரு வாரம், பொறுத்து, நனைத்த உப்புத்தாளால் ஈரத்திலேயே தேய்த்தால் தூள் பறக்காது. முகமூடியும் சன்னலும் சொல்லாமலே விளங்கும். ஒரு பெட்டி நைட்ரைல் உறையின் விலை அந்த நண்பர் மருத்துவருக்கு முதல் நாள் கொடுத்த தொகையைவிடக் குறைவு.

ஒன்பது பொன்வண்டுகளும் இப்போது விலங்கியல் காட்சியகத்தின் வடக்குச் சுவரோரம், வெயில் படாத அலமாரியின் இரண்டாம் தட்டில் உள்ளன. மூன்றாவது கட்டியில் இடக் காலருகே ஒரு குமிழி தெரியும். அது எங்கள் பிழை. பழைய மரப்பெட்டியையும் அதன் அருகிலேயே வைத்திருக்கிறார்கள். இரண்டு இடங்கள் வெறுமையாக, அவற்றின் சீட்டுகள் மட்டும் குத்தியபடி இருக்கின்றன. பேராசிரியர் மேசை அறையிலிருந்து எடுத்து மீண்டும் குத்திவைத்தவை அவை.